அய்யாக்கண்ணு மற்றும் ஜோ

வெடிமருந்து இல்லைங்க தம்பி, ரசப்பொடி. அந்தப் பரிசோதனைப் பொண்ணு பொட்டலத்தைப் பிரிச்சு மோந்து பாத்துட்டுத் தும்மித் தள்ளுனதை நீங்க பின்னால நின்னு பாத்தீங்க. அப்புறம் என்னையும் ஒரு மாதிரியாப் பாத்தீங்க. அதனாலதான் தேடி வந்து பக்கத்துல உக்காந்து சொல்றேன். பொருளாதாரப் பேராசிரியர் ஒருத்தர் எதையோ கடத்திட்டுப் போனாருன்னு நீங்க ஊருல போய்ச் சொல்லிடக் கூடாது பாருங்க. கடத்துற அளவுக்குச் சாமர்த்தியம் இருந்தா நான் எதுக்கு இந்த வேலைக்கு வர்றேன்.

விமானம் இன்னும் கொழும்புலேருந்தே கிளம்பலையாம். நீங்களும் ஹாங்காங்தானா? அங்கேருந்து குவாங்சோ. யாவாரமா? செல்போன் உறை, கீ செயின், தலையில மாட்டுற கிளிப்பு. ரொம்ப நல்லது. நான் சாங்ஷா போறேன். ஹூனான் மாகாணம். ஹாங்காங்ல இறங்கி ரயிலு. ஆபீஸ் வேலைதான். ஆமா, முழுக்க முழுக்க ஆபீஸ் வேலை.

என் பேரு நாகசுந்தரம். ஆனா வெளிநாட்டுல யாருக்கும் அந்தப் பேரு தெரியாது. அங்க என் பேரு அய்யாக்கண்ணு. அது எங்கப்பா பேரு தம்பி. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனப்போ விண்ணப்பத்துல குடும்பப் பேரு என்னன்னு கேட்டிருந்தான். நமக்கு ஏது குடும்பப் பேரு? அப்பா பேரைப் போட்டேன். அன்னியிலேருந்து நான் காணாமப் போயிட்டேன், எங்கப்பா பிரபலமாயிட்டாரு. பரமக்குடி கடைவீதியில எவர்சில்வர் பாத்திரக்கடை வச்சிருந்த மனுஷன். எட்டாவதுக்கு மேல படிக்கல. புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுவாரு. இன்னிக்கு எந்தப் பொருளாதாரப் புத்தகத்தைத் திறந்தாலும் அடிக்குறிப்புல உக்காந்திருக்காரு. ‘அய்யாக்கண்ணு மற்றும் ஜோ’ன்னு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும்னு சொன்னது கொஞ்சம் அதிகம். தடிமனான புத்தகமா இருக்கணும்.

அந்த ஜோவைப் பாக்கத்தான் போறேன்.

ஜோ தெமிங். டிவியில பாத்திருப்பீங்களே? சீனப் பொருளாதாரம் எங்க போகுதுன்னு சொல்லிக்கிட்டிருப்பான், சிவப்பு டை கட்டிக்கிட்டு. பாக்கலையா? சரி, நீங்க கிளிப்பு வாங்கறதுக்குத்தான் சீனாவுக்குப் போறீங்க, பொருளாதாரம் பாக்கவா போறீங்க. நானும் அவனும் அமெரிக்காவுல ஒரே வருஷம் ஒரே பல்கலைக்கழகத்துல சேந்தோம். நிலவறை மாதிரி ஒரு ரூம்பு குடுத்தாங்க, வெளிநாட்டுக்காரங்களுக்குன்னே வச்சிருந்தாங்க போல. ராவும் பகலும் சுடுதண்ணிக் குழாய் தடதடன்னு அடிக்கும். அவங்கப்பா காகித ஆலைத் தொழிலாளி. இவன் பள்ளிக்கூடம் போற வயசுல அங்க பள்ளிக்கூடமே ஒழுங்கா நடக்கலை. வயல்ல வேலை செஞ்சுக்கிட்டே கணக்கு படிச்சவன். மூடி வச்சிருந்த நுழைவுப் பரீட்சையைத் திரும்பத் திறந்த உடனே எழுதிப் பாஸாகி காலேஜுக்கு வந்தவன். நான் மதுரையில பி.ஏ. பொருளாதாரம் ஏன் எடுத்தேன்னா, வேற எதுலயும் இடம் கிடைக்கல. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேஜை.

முதல் குளிர்காலத்துலேயே அவனுக்குச் சளி பிடிச்சு மூச்சுவிட முடியல. ரசம் வச்சுக் குடுத்தேன். ஒரு கோப்பை குடிச்சான், ரெண்டாவது கோப்பை கேட்டான், கண்ணுலேருந்து தண்ணியாக் கொட்டுது, மூணாவது கேட்டான். அதுக்கப்புறம் எந்தக் கணக்கு மாட்டிக்கிட்டாலும் பேனாவைக் கீழ வச்சுட்டு, ‘ஐயா, ரசம்’ம்பான். அய்யாக்கண்ணு முழுசா அவன் வாயில நுழையல, பாதியோட நிறுத்திக்கிட்டான். ஊருல ஒருத்தன் என்னை ஐயான்னு கூப்பிட்டதில்லை. சீனாக்காரன் கூப்பிட்டான்.

நாங்க ரெண்டு பேரும் எழுதுன அந்தக் கட்டுரை எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. கேளுங்க தம்பி, விமானம் இப்ப வராது.

ஒரு நாள் வெளிய பனி கொட்டுது. ரசம் குடிச்சுக்கிட்டே ‘உங்கப்பா என்ன பண்றாரு’ன்னு கேட்டான். பாத்திரக்கடைன்னு சொன்னேன். எங்கப்பாவைப் பத்திச் சொல்லணும்னா சிக்கந்தர் பாயைப் பத்திச் சொல்லாம முடியாது. எதிர்க்கடை. அதுவும் எவர்சில்வர். கடைவீதியில எங்க ரெண்டு கடைதான். கல்யாணத்துக்குச் சீர் பாத்திரம் எடுக்க வர்ற கூட்டம் எங்க கடையில ஏறும், விலை கேக்கும், உதட்டைப் பிதுக்கும், இறங்கி பாய் கடைக்குப் போகும். அங்க கேக்கும், உதட்டைப் பிதுக்கும், திரும்ப இங்க வரும். எங்கப்பாவுக்கு வயிறு எரியும். பாய்க்கும் எரியும். ரெண்டு பேரும் ஒரே காளியப்பன் கடையிலதான் டீ குடிப்பாங்க, ஆனா முதுகைக் காட்டிக்கிட்டு.

அப்ப பாய் ஒரு வேலை பண்ணாரு. கடை வாசல்ல கயிறு கட்டி வரிசையாக் குடத்தைத் தொங்கவிட்டாரு. சாயங்கால வெயில் அதுல பட்டு நேரா எங்கப்பா மூஞ்சியில அடிக்கும். கல்லாவுல உக்காந்த மனுஷனுக்குக் கண்ணு திறக்க முடியல. எங்கப்பா விடுவாரா? காலை வெயிலுக்குத் தோதாத் தாம்பாளத்தைத் தொங்கவிட்டாரு. பாய் கண்ணைக் கசக்கினாரு. காலையில அவரு குருடு, சாயங்காலம் இவரு குருடு. நடுவுல மாட்டிக்கிட்ட சனங்க முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு நடந்தாங்க. கடைசியில கடைவீதியே கூடி நிக்கிற அளவுக்குப் பேச்சு முத்திப் போயி, பாய் கோவிச்சுக்கிட்டு ராமநாதபுரத்துல மச்சான் காட்டுன இடத்துக்குக் கடையை மாத்திக்கிட்டாரு. எங்கப்பா கடைவீதி பூரா பூந்தி குடுத்தாரு. பூந்தி!

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கூட்டம் வரும், விலை கேக்கும், உதட்டைப் பிதுக்கும், இறங்கும். இறங்கி எங்க போகும்? எதுத்தாப்புல பூட்டுன கடை. அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து மதுரைக்கு வண்டி ஏறிடும். ஒத்தைக் கடைக்காரன் சொல்ற விலையை எவன் நம்புவான்? இறங்கிப் போயி வேற ஒருத்தன்கிட்டக் கேட்டுட்டு வந்தாத்தானே மனசு ஆறும். எங்கப்பா கடையில ஈ ஓட்டுனாரு. ஈ கூட கொஞ்ச நாள்ல மதுரைக்குப் போயிருச்சுன்னு எங்கம்மா சொல்லுவாங்க.

நான் லீவுக்கு வந்திருந்தேன். ஒரு நாள் எங்கப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, காளியப்பன் கடையில ஒரு பிளாஸ்க்ல டீயை ஊத்தி வாங்கிக்கிட்டு, ‘வாடா ராமநாதபுரம் போகணும்’னாரு. பஸ்ஸுல என் மடியிலதான் பிளாஸ்க். எனக்கு வெக்கமாப் போச்சு. காலேஜ் படிக்கிறவன், டீ தூக்கிக்கிட்டு. ‘ஒரு கடுதாசி போட்டுட்டுப் போகலாமேப்பா’ன்னேன். ‘சொல்லிட்டுப் போனா வேண்டாம்னுடுவாருடா. நேர்ல போய் நின்னா மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்லுவாரு?’ன்னாரு. போனா, அங்க பாயும் ஒத்தைக் கடை வச்சுக்கிட்டு விசிறியால விசிறிக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்கப்பா வாசப்படியிலேயே நின்னு, ‘இந்த ஊர்ல டீ நல்லா இருக்காதுன்னு சொன்னாங்க பாய், அதான்...’னு பிளாஸ்க்கை நீட்டுனாரு. பழைய பிளாஸ்க், டீ ஆறிப் பச்சைத்தண்ணியா இருக்கு. பாய் மூடியில ஊத்தி, ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரு.

இதுவரைக்கும்தான் சொன்னேன். ஜோவைச் சிரிக்க வைக்கலாம்னு சொன்ன கதை. அவன் சிரிக்கல. கோப்பையை வச்சுட்டு எந்திரிச்சு கரும்பலகைக்குப் போயிட்டான். கதையை முடிக்கவே விடலை. ‘ஐயா, அந்த வாடிக்கையாளர் இறங்கிப் போறாங்களே, அதுதான், அதுதான்’னு சொல்லிக்கிட்டே எழுத ஆரம்பிச்சான். எதிர்க்கடைங்கறது போட்டி மட்டும் இல்லை, இந்தக் கடையோட விலைக்கு அதுதான் சாட்சி. அது போனா வாடிக்கையாளரும் போயிருவாங்க. இதைத்தான் கணக்கா எழுதுனோம். சரிபாதி உழைப்பு. சரி, அவன் முக்கால், நான் கால். நிரூபணம் ரெண்டு. அதுல ரெண்டாவது முழுக்க என்னோடது. அதுல ஒரு தப்பு இருந்துச்சுன்னு பல வருஷம் கழிச்சு பிரேசில்ல ஒரு மாணவன் கண்டுபிடிச்சான், அதை ஜோ திருத்துனான். ஆனா தப்பு என்னோடதுதான். அதை யாரும் என்கிட்டேருந்து பிடுங்க முடியாது.

இப்ப, பேரு ஏன் எங்கப்பாவோடது முதல்ல வருதுன்னா, எங்க தொழில்ல ஒரு வழக்கம். ரெண்டு பேரு சேந்து எழுதினா யாரு அதிகம் உழைச்சதுன்னு பாக்கறதில்லை. பள்ளிக்கூட வருகைப்பதிவு மாதிரி ஆங்கில அகர வரிசையில போட்டுருவாங்க. எங்கப்பாவுக்கு முதல் எழுத்து. ஜோவை இசட் போட்டு எழுதணும், கடைசி எழுத்து. கூட்டத்துல எல்லாரும் ‘அய்யாக்கண்ணு என்ன சொல்றாருன்னா’ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் தலையை ஆட்டுவேன். ஜோவோட பேராசிரியர் அவனைக் கூப்பிட்டு, ‘உன் எதிர்காலத்துக்கு நல்லதில்லை, பேரை மாத்திப் போடச் சொல்லு’ன்னாராம். அவன் மாட்டேன்னுட்டான். என் மேல அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை வச்சுத்தான் எனக்கு வேலையே கிடைச்சது. அவனுக்குக் கடலோரத்துல பெரிய பல்கலைக்கழகம், எனக்குச் சோளக்காட்டு நடுவுல ஒரு காலேஜு. நல்ல காத்து வரும்.

நல்ல வருஷங்க தம்பி அதெல்லாம். நான் ஒண்ணு எழுதினா அவன் உடனே அது தப்புன்னு எழுதுவான். அவன் எழுதினா நான் விடமாட்டேன். மாநாட்டுக்கெல்லாம் ரெண்டு பேரையும் சேத்துத்தான் கூப்பிடுவாங்க. மேடையில சண்டை போடுவோம். கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்துல முக்காவாசி என் பேச்சுக்குன்னுதான் நான் நினைக்கிறேன். முடிஞ்சதும் எங்கயாவது ஒரு சமையலறையைப் பிடிச்சு ரசம் வைப்பேன்.

ஆனா ஒரு தடவை என்னை அவமானப்படுத்திட்டான். அதைச் சொல்லியாகணும். பெரிய மாநாடு. யாரோ எந்திரிச்சு, ‘இந்தக் கட்டுரையில யாரு பங்கு என்ன?’ன்னு கேட்டான். நான் அடக்கமா மைக்கைப் பிடிக்கறதுக்குள்ள ஜோ சொல்றான்: ‘கட்டுரை அய்யாக்கண்ணுவோடது. நான் பக்கத்துக் கடை, அவ்வளவுதான்’. எல்லாரும் சிரிச்சாங்க, கைதட்டுனாங்க. பக்கத்துக் கடையாம்! அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி என்னைப் பாத்திரக்காரன் மகன்னு சொல்லிக்காட்டுனான். நான் அன்னிக்கு ரசம் வைக்கல. அவன் என் ரூம்பு கதவைத் தட்டி, ‘ஐயா, என்ன தப்பாச் சொல்லிட்டேன்?’னு கேட்டான். ஒண்ணுமில்லைன்னுட்டேன். எத்தனை வருஷமாச்சு, இன்னும் புரியல எனக்கு, ஏன் அப்படிச் சொன்னான்னு.

அப்புறம் ஒரு நாள் போன் பண்ணான். ஹாங்காங்ல ஒரு பெரிய பேங்க் கூப்பிடுது, பேரு வேண்டாம். தலைமைப் பொருளாதார நிபுணர். அப்பா அம்மாவுக்கு வயசாச்சு, பக்கத்துல இருக்கலாம்னு பாக்கறேன், நீ சொல்லு ஐயா, போகவா வேண்டாமான்னான். நான் சட்டுனு ‘போ’ன்னேன். நண்பன் முன்னுக்கு வர்றதைத் தடுக்கலாமா? அது மட்டும் இல்லை, இனிமே நம்ம துறையில நான் ஒருத்தன்தானே, யாரு என்னை எதுத்து எழுதப் போறா. அன்னிக்கு என் செலவுல டிபார்ட்மெண்ட் பூரா கேக் வாங்கிக் குடுத்தேன். ஏன்னு கேட்டாங்க, நண்பனுக்கு வேலை உயர்வுன்னேன்.

ஆனா பாருங்க, அந்த நேரம் பாத்து எனக்கு நேரம் சரியில்லாமப் போச்சு. மாநாட்டுக்கு அழைப்பு குறைஞ்சது. அப்புறம் நின்னே போச்சு. கட்டுரை எழுதி அனுப்பினா திரும்பி வருது. ஆதரிச்சும் எழுதல, திட்டியும் எழுதல, ஒருத்தனும் சீண்டல. அந்தக் காலத்துல அமெரிக்கப் பொருளாதாரமும் சரியில்லை பாருங்க. அப்புறம் நிறவெறி. அப்புறம் அந்த ஊருக் குளிர். காரணத்தையெல்லாம் நான் உக்காந்து ஆராய்ச்சியே பண்ணியிருக்கேன், எனக்கு இன்னும் முழுசாப் பிடிபடலை. கடைசியில சென்னையில ஒரு தனியார் நிறுவனத்துல மேலாண்மைப் பசங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டேன். எங்க ‘அய்யாக்கண்ணு மற்றும் ஜோ’வைப் பாடத்துல வைக்கிறப்போ, ஒரு பையன் எந்திரிச்சு, ‘சார், அய்யாக்கண்ணு இறந்துட்டாரா?’ன்னான். ஆமா, தொண்ணூத்தெட்டுல இறந்துட்டாருன்னேன். உண்மைதானே, எங்கப்பா இறந்தது அப்பதான்.

என்ன தம்பி சிரிக்கிறீங்க? சிரிங்க சிரிங்க. டீ குடிக்கிறீங்களா? இங்க விக்கிற விலைக்கு வாங்க மனசு வராது. எதிர்க்கடை இல்லை பாருங்க.

ஜோ அங்க கொடிகட்டிப் பறந்தான். பேங்க் நிபுணருங்ககிட்ட ஒரு வழக்கம் தெரியுமா? அடுத்த வருஷம் வளர்ச்சி எவ்வளவுன்னு ஒருத்தன் ஒண்ணு சொன்னா, மத்தவன் எல்லாம் அதை ஒட்டியே முன்ன பின்ன சொல்லிக்குவான். தப்பாப் போனாலும் எல்லாரும் சேந்து தப்பு, வேலை போகாது. தனியா நின்னு சொல்றவனுக்குத்தான் ஆபத்து. இவனுக்குத்தான் அடங்கி உக்காரத் தெரியாதே. சாயங்காலம் புதுசாக் கட்டுன அடுக்குமாடிப் பக்கமா நடந்து போவானாம், தலையைத் தூக்கிப் பாத்துக்கிட்டு. வீடெல்லாம் வித்துப் போச்சுங்கறாங்க, ஆனா ஒரு பால்கனியிலயும் துணி காயலையேன்னு எழுதிட்டான். வித்திருக்கு, யாரும் குடியிருக்கல, இது நிக்காதுன்னு அறிக்கை விட்டுட்டான். பேங்குக்குப் பெரிய வாடிக்கையாளரே அந்தக் கட்டடக்காரங்கதான். கொஞ்சம் மாத்தி எழுதுங்கன்னு சொல்லிப் பாத்தாங்க. மாட்டேன்னான். மரியாதையா ஒரு விருந்து வச்சு அனுப்பிட்டாங்க. பின்னால அவன் சொன்னபடியேதான் நடந்துச்சு. ஆனா நீதான் முதல்ல சொன்னேன்னு யாரும் அவனைத் திரும்பக் கூப்பிடல.

அவனுக்கு வேலை போன செய்தியைப் பேப்பர்ல பாத்தேன். எனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன் தம்பி. பொய் சொல்லல, அதுக்குத் தயாராவே உக்காந்திருந்தேன். வரலை. அறிக்கையைத் தேடிப் பிடிச்சுப் படிச்சேன். அருமையா எழுதியிருந்தான். ஆனா மூணாவது பகுதியில ஒரு ஓட்டை இருந்துச்சு. வாடகை வீட்டுக் கணக்கை விட்டுட்டான். அங்க மட்டும் நான் பக்கத்து மேஜையில இருந்திருந்தா, ‘டேய், இது தப்பு’ன்னு சொல்லியிருப்பேன். அவன் கத்தியிருப்பான். அப்புறம் திருத்தியிருப்பான். அப்படி ஒரு ஆள் அந்தப் பேங்குல இல்லை. எனக்கும் இல்லை. பேசறதுக்கு ஆள் இல்லைங்க எனக்கு. சும்மா பேச இருக்காங்க. வீட்டுக்காரி இருக்கா, சொந்தம் இருக்கு. ‘தப்பு’ன்னு சொல்ல ஆள் இல்லை. நான் என்ன எழுதினாலும் எங்க நிறுவனத்துல ‘சூப்பர் சார்’ங்கறாங்க.

இப்ப அவன் சொந்த ஊருப் பக்கம் ஏதோ காலேஜுல முதல் வருஷப் பசங்களுக்குப் பாடம் நடத்துறானாம். மெயில் போட்டா பதில் இல்லை, போன் எடுக்கறதில்லை. யாரையும் பாக்கறதில்லைன்னு அவன்கிட்டப் படிச்ச பொண்ணு ஒருத்தி சொன்னா. அவதான் வீட்டு விலாசம் குடுத்தா. எங்க டைரக்டர்கிட்டச் சொன்னேன், ஜோ தெமிங்கைக் கூட்டிட்டு வந்து நம்ம நிறுவனத்துல ஒரு வருஷம் உக்கார வச்சா உலகமே திரும்பிப் பாக்கும்னு. டைரக்டருக்கு ஜோ யாருன்னு தெரியல. கூகிள்ல தேடிப் பாத்துட்டு, ‘வந்தா சந்தோஷம்’னாரு. டிக்கெட்டுக்குக் காசு இல்லைன்னாரு. அதனால டிக்கெட் என்னோடது. விசாவும் சுற்றுலா விசாதான். ஊரு சுத்திப் பாக்கப் போறேன்னு எழுதிக் குடுத்தேன். ஆனா வேலை ஆபீஸ் வேலைதான், அதுல மாத்தம் இல்லை.

அவன் வரணும் தம்பி. அடுத்த வருஷம் எனக்கு ரிடையர்மெண்ட். அதுக்குள்ள இன்னும் ஒரே ஒரு கட்டுரை. அவன் எழுதட்டும், நான் தப்புங்கறேன். நான் எழுதறேன், அவன் கிழிக்கட்டும். வாழ்க்கையில பேர் சொல்ற மாதிரி ஒரே ஒரு கட்டுரை எழுதுனவன்னு போறதுக்கு எனக்கு மனசு இல்லை. அதுவும் முக்கால்வாசி அவன் எழுதுனது. சரி, நீங்க யாருகிட்டச் சொல்லப் போறீங்க, முழுசாவே அவன்தான் எழுதினான். நான் ரசம் வச்சேன், கதை சொன்னேன், ஒரு தப்புப் பண்ணேன்.

இந்தப் பொடி எங்க வீட்டுக்காரி அரைச்சது. வறுக்கறப்ப நான் பக்கத்துலயே நின்னு மிளகு கூடப் போடச் சொன்னேன். ‘அந்த ஊருல மிளகு கிடைக்காதா, இதை எதுக்கு அவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போறீங்க’ன்னா. கிடைக்கும்தான். ஆனா அங்க கிடைக்கறது நல்லா இருக்காதுல்ல. ஏன் சிரிக்கிறீங்க? நல்லா இருக்காது தம்பி, நான் சாப்பிட்டுப் பாத்திருக்கேன்.

அதோ, அறிவிச்சுட்டாங்க. நம்ம விமானம்தான். எந்திரிங்க, எந்திரிங்க, வரிசை இப்பவே வாசல் வரைக்கும் வந்துருச்சு.

என்ன? சிக்கந்தர் பாய் திரும்பி வந்தாரான்னா? பாருங்க, இதை ஜோ கூடக் கேக்கலை இத்தனை வருஷத்துல. வந்தாரு. ஆடி முடிஞ்ச கையோட லாரியில சாமானை ஏத்திக்கிட்டு வந்து அதே கடையைத் திறந்தாரு. எங்கப்பா ஓடிப் போயி சாமான் இறக்கிக் குடுத்தாரு. ரெண்டு பேரும் சேந்து காளியப்பன் கடையில டீ குடிச்சாங்க, மூஞ்சியைப் பாத்துக்கிட்டே. மறுநாள் சாயங்காலம் பாக்கறேன், பாய் கயிறு கட்டிக் குடத்தைத் தொங்கவிட்டுட்டாரு. பளீர்னு அடிக்குது எங்கப்பா மூஞ்சியில. இவரு கல்லாவுல உக்காந்து, நகராம, கையால மறைக்கக் கூடச் செய்யாம, அப்படியே பாத்துக்கிட்டிருக்காரு. கண்ணுலேருந்து தண்ணி வழியுது. என்னப்பான்னேன். ‘கூசுதுடா’ன்னாரு.

போலாமா? நீங்க முன்னால நில்லுங்க, பரவாயில்லை. இந்தப் பொட்டலத்தை நான் கையிலேயே வச்சுக்கறேன், மேல பெட்டியோட வச்சா நசுங்கிடும்.

நான் வர்றது ஜோவுக்குத் தெரியுமாவா? தெரியாது, தெரியாது. சொல்லிட்டுப் போனா வேண்டாம்னுடுவான் தம்பி. நேர்ல போய் நின்னா மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்லுவான்?

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? நகருங்க, வரிசை போகுது.